கம்பி ரெண்டு, கொக்கி நாலு

கங்காதரன் கடலில் விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஏரியில் விழுந்திருந்தாலும் சேற்றைத் திட்டிக்கொண்டே எழுந்து வந்திருப்பான். அவன் விழுந்தது ஜெகபர் அலி வீட்டு மொட்டை மாடியிலிருந்து.

எண்பத்து நாலாம் வருஷம், தை மாதம். கருவாட்டு வியாபாரி ஜெகபர் அலி மெட்ராஸிலிருந்து டி.வி. பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். பழவேற்காட்டுக் காற்றுக்கு ஆன்டெனா நிற்கவில்லை. நீள மூங்கிலில் கட்டி நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்குள் திசையைச் சரிபண்ண வேண்டும். பாய்மரம் ஏறுகிறவனுக்கு மூங்கில் ஒரு பொருட்டா என்று கோட்டைக்குப்பத்திலிருந்து கங்காதரனைக் கூப்பிட்டனுப்பினார்.

கங்காதரன் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று மூங்கிலைத் திருப்பினான். அவனோடு ஒரே படகில் தொழில் செய்யும் பூபதி, வாசலில் நின்று உள்ளே நடப்பதை மேலே கத்திச் சொன்னான்.

"புள்ளி புள்ளியா வருது! இன்னும் தெக்கால திருப்பு!"

"இப்ப?"

"கோடு கோடா வருது!"

"இப்ப?"

"தா, வந்துட்ச்சு! மூஞ்சி தெரியுது!"

உள்ளே இருந்த அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள். யார் மூஞ்சி என்று பார்க்கிற ஆசையில் கங்காதரன் மூங்கிலை விட்டுவிட்டுக் குனிந்தான். சுண்ணாம்புக்காகக் குவித்து வைத்திருந்த கிளிஞ்சல் மேட்டின்மேல், குந்திய வாக்கில், மடாரென்று வந்து இறங்கினான். சத்தத்துக்கு எல்லாரும் வெளியே ஓடிவந்தபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "இன்னா படம்?" என்பதுதான். இரண்டாவதாக, "என் காலு எங்க கீது?" என்று கேட்டான். அதைக் கேட்டதும் யாரும் சிரிக்கவில்லை.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகெலும்பில் ஒரு கட்டை நொறுங்கியிருந்தது. நரம்பு அறுபடவில்லை, நசுங்கிக் கிடக்கிறது என்றார் டாக்டர். அவர் கங்காதரனின் மனைவி இருசம்மாளிடம் ஒரு படத்தைக் காட்டினார். எலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு கம்பி. கம்பியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒவ்வொரு கொக்கி.

"இந்தக் கொக்கி நாலும் எலும்பைப் பிடிச்சுக்கும். கம்பி நிமிர்த்தி நிறுத்தும். இப்ப எங்ககிட்ட இல்ல. வெளிநாட்டுலேருந்து வரணும். அதுவரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பறேன். பலகையில படுக்க வைங்க. திருப்பினா மரக்கட்டை மாதிரி மொத்தமாத் திருப்பணும். காலு மரத்துக்கிட்டே வந்தா மட்டும் உடனே சொல்லணும்."

"எங்க ஆளுங்க கொக்கி போட்டு மீனு புடிப்பாங்க சார். நீங்க மீனவனையே புடிக்கிறீங்களே" என்றாள் இருசம்மாள். அவளுக்கு பயம் வந்தால் வாய் நீளும்.

ஜெகபர் அலி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மஸூதா அன்றைக்கே டி.வி. பெட்டியின் மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தி, யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மஸூதாவின் தம்பி மக்பூல் சிங்கப்பூரில் இருந்தான். ஜெகபர் அலி டாக்டரிடம் சாமான் பேரை எழுதி வாங்கி அவனுக்குத் தந்தி அடித்தார்.

கோட்டைக்குப்பத்தில், வீட்டு வாசல் கதவைக் கழற்றி நான்கு செங்கல் அடுக்கின்மேல் போட்டு, அதில் கங்காதரனைக் கிடத்தினார்கள். கதவில்லாத வீட்டில் கதவின்மேல் படுத்துக்கொண்டு அவன் ஊர் நியாயமெல்லாம் பேசினான். யார் வலையில் என்ன விழுந்தது, எந்தக் காற்று எப்போது திரும்பும், பூபதி தனியாகப் போய்ப் படகை எந்த மேட்டில் ஏற்றினான், எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. நண்டு ரசத்தைக் கூடப் படுத்தபடியே உறிஞ்சக் கற்றுக்கொண்டான். ரசம் பாதி, காது பாதி.

தினமும் காலையில் இருசம்மாள் துடைப்பக் குச்சி ஒன்றை உருவி அவன் கால் கட்டைவிரலில் கீறுவாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுதுமே. தோலு உரிஞ்சுடப் போவுது."

மாசி பிறந்து ஒரு நாள், அவள் கீறாமலே "தெரியுதா?" என்று கேட்டாள். அவன் கூரை மோட்டைப் பார்த்தபடி "தெரியுது" என்றான்.

அவள் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் நின்றாள். எண்ணெயில் பொரிந்த மீன் தீய்கிற வாசனை வந்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

அந்த வாரமே சாமான் மெட்ராஸ் வந்து சேர்ந்துவிட்ட தகவல் வந்தது. ஜெகபர் அலியும் இருசம்மாளும் பொன்னேரி வழியாக பஸ் பிடித்து, துறைமுகத்துப் பக்கம் இருந்த சுங்க அலுவலகம் ஒன்றுக்குப் போனார்கள். அங்கே மேஜைக்குப் பின்னால் சம்பந்தம் என்றொரு அதிகாரி இருந்தார். முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. பேனாவின் மூடியைத் திறப்பார், மூடுவார், எழுதமாட்டார். போட்ட கையெழுத்து நாளைக்கு எழுந்து வந்து நம்மைக் கேள்வி கேட்கும் என்று நம்புகிறவர்.

"என்ன சாமான்?"

"கம்பி சார்" என்றார் ஜெகபர் அலி. "கம்பி ரெண்டு, கொக்கி நாலு. முதுகுல போடறது."

"முதுகுல எதுக்குப் போடணும்?"

"உடைஞ்சு போச்சு சார்."

"எந்த ஊரு?"

"பழவேற்காடு."

சம்பந்தம் பேனாவை மூடினார். "பழவேற்காட்டுக்காரங்க வெளிநாட்டுச் சாமானுக்கு எங்ககிட்ட வந்து அனுமதி கேக்கறது, நான் வேலைக்கு வந்து இதான் முதல் தடவை."

ஜெகபர் அலிக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், எங்க வாப்பா காலத்துலேருந்து கருவாட்டத் தவிர..."

"அதான் சார் நாங்க செஞ்ச தப்பு" என்றாள் இருசம்மாள். "எங்கூரு கரையில எறக்கி இருந்தா இந்நேரம் அவரு முதுகுல ஏறி இருக்கும்."

ஜெகபர் அலி அவள் காலை மிதித்தார்.

சம்பந்தம் கோபப்படவில்லை. நாட்டுக்குள் வருகிற எந்தச் சாமானும் ஏதாவது ஒரு தலைப்பின்கீழ் வரவேண்டும், இது எந்தத் தலைப்பில் வரும் என்று தெரியவில்லை, வைத்தியத்துக்கு என்று சொல்வதால் மருந்துக்காரர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றார்.

மருந்து அலுவலகத்தில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விசாரித்தார். "உள்ளுக்குச் சாப்பிடறதா?"

"இல்லீங்க."

"ஊசியா? மேல தடவறதா?"

"உள்ள வெச்சுத் தெச்சுடறது."

"அப்ப மருந்து இல்ல."

"அப்ப ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுங்க சார்."

"ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும்னா அது எங்க சாமானா இருக்கணும். எங்க சாமானே இல்லாததுக்கு எங்களுக்கு எப்படி ஆட்சேபணை இல்லாம போகும்?"

இருசம்மாள் இதை வெளியே வந்து மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் சரியாகத்தான் இருந்தது.

இரும்புதானே, இரும்புக்காரர்களிடம் போங்கள் என்றார்கள். அங்கே இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "எத்தனை டன்?"

"ஒரு வெறா மீனு வெயிட்டு இருக்கும் சார்" என்றாள் இருசம்மாள்.

அவர் தலை நிமிர்ந்தார். டன்னுக்குக் கீழே தங்களுக்கு வழக்கமில்லை என்று வருத்தத்தோடு சொல்லி, சுங்கத்துக்கே திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஜெகபர் அலிக்கு வியாபாரம் கெட்டது. தினம் வர முடியவில்லை. இருசம்மாளுக்கும் பிழைப்பு இருந்தது. ஆனால் அவள் பிழைப்பைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். காலை முதல் பஸ்ஸில் மடவைக் கருவாட்டுக் கூடையோடு ஏறி, சுங்க அலுவலகத்தின் வாசலில் குந்தி விற்பாள். பத்து மணிக்குச் சம்பந்தம் வருவார். கூடையை மூடி வைத்துவிட்டு அவர் பின்னாலேயே உள்ளே போவாள்.

"வந்துடுச்சா சார்?"

"சாமான் அன்னிக்கே வந்துடுச்சும்மா. தலைப்புதான் வரல."

சம்பந்தம் சைவம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். ஆனால் கடைநிலை ஊழியர் முதல் மேல்மாடி வரை மற்ற எல்லார் வீட்டிலும் அந்த மாதம் மடவைக் கருவாட்டுக் குழம்புதான். "அந்தம்மா வேலைய முடிச்சுக் குடுத்துடாதீங்க சார், அப்புறம் கருவாடு வராது" என்று ஒரு குமாஸ்தா சம்பந்தத்திடம் கேலியாகச் சொன்னார். சம்பந்தத்துக்கு அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் இருசம்மாள் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெரிய காகித உறையையும் கொண்டு வந்தாள். உள்ளே எக்ஸ்ரே படம். அவள் சம்பந்தத்தைக் கேட்காமல் போய் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது யாரு?" என்று கேட்டார் சம்பந்தம். இத்தனை நாளும் அவர் கம்பியைப் பற்றித்தான் கேட்டிருந்தார்.

"எங்க ஊட்டுக்காரரு. தோ, இந்தக் கட்டை சரிஞ்சு கீது பாருங்க. தெனம் கொஞ்சம் கொஞ்சமா முன்னால வருதுனு டாக்டரு சொல்றாரு."

சம்பந்தம் எழுந்து வந்து பார்த்தார். வெள்ளை வெள்ளையாக அடுக்கிய கட்டைகளில் ஒன்று மட்டும், நகர்ந்த செங்கல் போல, வரிசைக்கு வெளியே நின்றது.

"ரொம்ப வலிக்குமா?"

"வலிச்சா நல்லது சார். வலிக்காம பூட்டாத்தான் பயம். இப்ப ரெண்டு விரலு அவருக்குத் தெர்ல. எங்கிட்ட தெரியுதுனு பொய் சொல்றாரு."

சம்பந்தம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அது அவருக்கே தெரியவில்லை. அலமாரியிலிருந்து கனத்த புத்தகம் ஒன்றை இறக்கி, சாயங்காலம் வரை பக்கம் பக்கமாக விரலை வைத்துத் தேடினார். 'செயற்கை உறுப்புகளும் அவற்றின் பாகங்களும்' என்று ஓரிடத்தில் விரல் நின்றது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குள் போனார். இருசம்மாள் கதவோரம் நின்று கேட்டாள்.

"முதுகெலும்பு எப்படிய்யா உறுப்பாகும்? கை உறுப்பு, கால் உறுப்பு. செயற்கைக் கால்னா கால் இல்லாதவனுக்கு வைக்கிறது. இவனுக்குத்தான் முதுகு இருக்கே?"

சம்பந்தம் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். "எது இல்லாட்டி மனுஷன் நிக்க முடியாதோ, அது உறுப்புதான்னு நினைக்கிறேன் சார்."

உள்ளே பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "உன் கையெழுத்துலதான் போகும். நீயே நேர்ல போய், சாமான் அந்த ஆளுகிட்டத்தான் இருக்குன்னு பார்த்து எழுதணும். வித்துடுவாங்க" என்றார் மேலதிகாரி.

சம்பந்தம் வெளியே வந்து இதைச் சொன்னபோது இருசம்மாள் கேட்டாள்: "வித்தா யாரு சார் வாங்குவா? அவரையும் சேத்துத்தான் விக்கணும்."

ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகும் பேனா திறந்தே இருந்தது.

பெட்டி வியாழக்கிழமை கோட்டைக்குப்பம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார் டாக்டர். திங்கட்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்துவிட வேண்டும்; பெட்டியைக் கொண்டு வாருங்கள், கொதிக்க வைப்பதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

ஊரே வந்து கம்பியைப் பார்த்தது. வழவழவென்று, பல் பல்லாகச் செதுக்கிய முனையோடு, வெள்ளி மாதிரி இருந்தது. "ராக்கெட்டு செய்யற இரும்பு" என்றான் பூபதி. ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிற தீவு இருப்பதால், புரியாத எதுவும் அந்த ஊரில் ராக்கெட்தான். எல்லாரும் தொட்டுப் பார்த்துவிட்டு நல்லா கீது என்றார்கள். கங்காதரனின் அப்பா சுப்பராயலு மட்டும் தள்ளி நின்று பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. கூட்டம் போன பிறகு மகனின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இது இரும்புதான?"

"இரும்புதான் நைனா. துரு புடிக்காத இரும்பு."

"யாரு சொன்னா?"

"டாக்டரு."

"டாக்டருக்குப் படகு கீதா?"

சுப்பராயலு ஒரு கம்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நம்ம படகுல அடிச்ச ஆணி எத்தினி வருஷம் நின்னுது? உப்புத்தண்ணி தின்னாத இரும்ப நான் பாத்ததில்ல. உடம்பு பூரா உப்புத்தண்ணி. வேர்வைய நக்கிப் பாரு. ரத்தத்த நக்கிப் பாரு. அதுல கொண்டுபோய் இரும்பப் போட்டுத் தெச்சுட்டா, துரு புடிச்சா யாரு தொறந்து பாக்கறது?"

"மாமா, சர்க்காரே பாத்துக் கையெழுத்துப் போட்டுகீது" என்றாள் இருசம்மாள்.

"சர்க்காரு இன்னா பாத்தான்? எந்தப் பொட்டில வருதுனு பாத்தான். உப்புல நிக்குமானு பாத்தானா?"

அவள் பெட்டியை மூடி உள்ளே எடுத்து வைத்தாள். மறுபடி அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, வேன் வருவதற்கு முன்னால் பெட்டியைத் துணியில் சுற்றப்போன இருசம்மாளின் கையில் பெட்டி காற்றாக எழும்பியது. திறந்தாள். உள்ளே வெறும் பஞ்சு.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன. சுப்பராயலு வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிதானமாகச் சொன்னார்: "ஏரில கீது."

"ஏரிலயா?"

"வலைக் கழில கட்டி உட்டுகீறேன். வெள்ளிக்கெழமையிலேந்து. பங்குனி மாசம், ஏரில இப்பத்தான் நல்ல உப்பு. இன்னிக்கு எடுத்துப் பாத்துட்டுத் தரலாம்னு இருந்தேன்."

"நைனா!" என்று கதவின்மேலிருந்து கங்காதரன் அலறினான். எழுந்திருக்கிற ஆத்திரம், ஆனால் எழுந்தது குரல் மட்டும்தான்.

பூபதி படகை எடுத்தான். இருசம்மாளும் மாமனாரும் ஏறினார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தண்ணீர் தொடையளவுதான். கழியில் கட்டிய கயிற்றை சுப்பராயலு இழுத்தார். கம்பி ஒன்று, கம்பி இரண்டு, கொக்கி ஒன்று, இரண்டு, மூன்று. கயிற்றின் நுனி வெறுமையாக ஆடியது.

"நாலாவது எங்க மாமா?"

கிழவர் கயிற்றின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "நண்டு கடிச்சுகீது."

"முடிச்சு அவுந்துட்சா?"

"நான் போட்ட முடிச்சு அவுராது. நண்டு."

"நண்டோ முடிச்சோ, அதுல ஒண்ணு கொறஞ்சா வைக்க முடியாதுனு டாக்டரு சொல்லிகீறாரு!" என்று இருசம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் குதித்தாள்.

பூபதி கிழவரைக் கழியோரம் இறக்கிவிட்டு, கரைக்குப் போய்ச் செய்தி சொன்னான். குதிக்காதவர்கள் பாவம் செய்தவர்கள் என்பதுபோல ஊரே ஏரிக்குள் இறங்கியது. கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் வரிசையாகக் கைகோத்து, காலால் சேற்றைத் துழாவிக்கொண்டு வந்தார்கள். சேற்றிலிருந்து உடைந்த வளையல், பழைய நங்கூரம், யாரோ எப்போதோ தொலைத்த வெற்றிலைப் பெட்டி, எல்லாம் வந்தது. வரிசையில் வந்த எல்லம்மாவுக்கு நல்ல பருமனாகப் பதினைந்து இறாலும் கிடைத்தது. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டதற்கு இருசம்மாள் திட்டினாள். "கையில வந்தத உட சொல்றியா?" என்றாள் எல்லம்மா.

இந்த நேரத்தில்தான், கையில் தோல்பையோடு, வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் கரையில் வந்து நின்றார். சம்பந்தம். சாமான் உரிய ஆளிடம் இருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுத வந்திருந்தார். ஊரில் ஆளே இல்லாமல் எல்லாரும் தண்ணீரில் நிற்பதைக் கண்டு திகைத்தார்.

"என்னப்பா இது, திருவிழாவா?" என்று கரையோரம் நின்ற பூபதியிடம் கேட்டார்.

பூபதிக்கு அவர் யாரென்று தெரியாது. கள்ளமில்லாமல் சொன்னான்: "இல்ல சார், ஃபாரின் சாமான் ஒண்ணு தண்ணில பூட்ச்சு. தேடறோம்."

சம்பந்தம் தோல்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பழவேற்காட்டைப் பற்றி அலுவலகத்தில் சொன்னதெல்லாம் உண்மை. கடத்தலில் ஊரே கூட்டு. அதுவும் பட்டப்பகலில்.

"என்ன சாமான்?"

"கொக்கி சார். கங்காதரன் முதுகுல போடறது. சுங்கத்துல ஒரு நல்ல மனுஷன் கஷ்டப்பட்டு எடுத்துக் குடுத்தாராம். கெய்வன் கொண்டாந்து ஏரில ஊற வெச்சுட்டான்."

சம்பந்தம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருசம்மாள் அவரைப் பார்த்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். பொய் சொல்லிச் சமாளிக்க அவளுக்குத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

"ஊற வெச்சாரா? எதுக்கு?"

"துரு புடிக்குதானு பாக்க."

"பிடிச்சுதா?"

"இல்ல சார்."

"என் கையெழுத்தும்மா" என்றார் சம்பந்தம், அழுகிற குரலில். "நாலு கொக்கின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்." செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை முட்டிவரை மடித்தார். வாழ்க்கையில் மீன் சந்தை வழியாகக்கூடப் போகாத மனிதர், பையை பூபதியிடம் கொடுத்துவிட்டு ஏரிக்குள் இறங்கினார்.

இறங்கினவருக்குச் சேற்றில் நடக்கத் தெரியவில்லை. எல்லம்மா ஒரு பக்கமும் இருசம்மாள் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். வலைக்கழிக்கு அப்பால் கொஞ்ச தூரம் போனதும் "ஐயோ!" என்று கத்தி நின்றுவிட்டார்.

"கெளுத்தியா?" என்று பூபதி கரையிலிருந்து கத்தினான். "கால ஆட்டாதீங்க சார்! முள்ளு ஏறிடும்!"

"என்னமோ கடிக்குது! காலுக்கு அடியில இருக்கு!" சம்பந்தம் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

எல்லம்மா மூச்சடக்கி முங்கினாள். அவர் பாதத்தைத் தூக்கி அடியில் துழாவினாள். மேலே வந்தபோது அவள் விரல்களுக்கிடையில், சேறு வழிய, கொக்கி இருந்தது.

ஏரி முழுக்கக் கூச்சல். சம்பந்தம் கண்ணைத் திறந்தார். கொக்கியை வாங்கித் தண்ணீரில் அலசி, கைக்குட்டையால் துடைத்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். பூபதியைக் கூப்பிட்டுப் பையிலிருந்த தாளை எடுக்கச் சொல்லி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தில் அவரை அவர் அலுவலகத்தில் ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

சுப்பராயலு இவ்வளவு நேரமும் கழியைப் பிடித்தபடி நின்றிருந்தார். இருசம்மாள் கொக்கியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றுதான் போனாள். கிழவர் கொக்கியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு புள்ளி துரு இல்லமே" என்றார். "எனக்கு கீறது இவன் ஒருத்தன்தான். அதான் பாத்தேன். போட சொல்லு."

இருசம்மாள் திட்டவில்லை. அவர் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி அவர் தோளிலேயே போட்டாள்.

நடந்ததை டாக்டரிடம் சொல்லாமலிருக்க முடியவில்லை. கம்பியில் ஏரி மணத்தது. அவர் இருசம்மாளையும் ஜெகபர் அலியையும் நிற்கவைத்து அரைமணி நேரம் கத்தினார். நாலு நாள் ஏரியில் கிடந்ததால் ஒன்றும் தெரிந்துவிடாது, நாற்பது வருஷம் கிடந்தால்தான் தெரியும் என்றார். அதை சுப்பராயலுவிடம் யாரும் சொல்லவில்லை. ஆபரேஷனை இரண்டு நாள் தள்ளிப்போட்டு, சாமானை ஒரு தரத்துக்கு மூன்று தரம் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைத்து, வியாழக்கிழமை உள்ளே வைத்துத் தைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுவாரம் சம்பந்தம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். புது எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து, கம்பி ரெண்டு, கொக்கி நாலு என்று வாய்விட்டு எண்ணி எழுதிக்கொண்டார். போகும்போது கங்காதரனிடம், "தெரியுதா?" என்று கேட்டார். கங்காதரன் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான். கொஞ்சம்தான் ஆடியது. சம்பந்தம் அதையும் எழுதிக்கொண்டார், எந்தத் தலைப்பின்கீழ் என்று தெரியவில்லை.

கங்காதரன் வைகாசியில் நடந்தான். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு பூபதியைப் பிடித்து, ஆனி மாதத்தில் யாரையும் பிடிக்காமல். ஒரு கால் மட்டும் லேசாகத் தரையை இழுத்தது. ஆனால் குனிய முடியவில்லை. இரும்பு அவனைச் செங்குத்தாகத்தான் நிற்க விட்டது. எதிரில் வந்த ஊர்த் தலைவருக்குக்கூட அவன் நிமிர்ந்தே கும்பிட்டான். அவர் இவனுக்குத் திமிர் ஏறிவிட்டதென்று சொன்னார். படகில் வலை இழுக்க முடியாது என்பதால் பின்னால் நின்று கோல் ஊன்றிக்கொண்டு, முன்னால் இருக்கிற பூபதியைக் குறை சொல்கிற வேலையை எடுத்துக்கொண்டான். அது அவனுக்கு நன்றாகவே வந்தது.

சோறு மட்டும் நின்றுகொண்டே தின்றான். வாசல் மண்சுவரின்மேல் தட்டை வைத்துக்கொண்டு, குதிரை மாதிரி. காக்காய்க்கும் அவனுக்கும் தினம் சண்டை. தெருவில் போகிறவர்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம், அதான் உள்ளே போகாமல் தின்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். குந்தப் பழக வேண்டும், முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "பண்ணலாம், பண்ணலாம்" என்று அவன் தள்ளிப்போட்டான். விழுந்த நினைப்பு அவனுக்குக் குந்துவதில்தான் இருந்தது. இருசம்மாள் வற்புறுத்தவில்லை. அவளும் அடுப்படியில் நின்றுகொண்டே தின்னப் பழகினாள்.

ஆடிக் காற்று அடித்த ஒரு மத்தியானம், மடவைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாங்காய் போட்டிருந்தாள். சுவரின்மேல் வைத்த தட்டில் காற்று மண்ணை வாரி இறைத்தது. கங்காதரன் மண் விழுந்த சோற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"வேற சோறு போடு" என்றான்.

அவள் போட்டாள். தட்டை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"கீழ வை."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். கிட்டே வந்து நின்றாள். அவன் ஒரு கையை அவள் தோளில் வைத்து அழுத்தினான். முதுகு ஒரு இம்மிகூட வளையவில்லை. முட்டி இரண்டும் மடக் மடக்கென்று சத்தம் போட்டன. பாய்மரத்தை இறக்குகிற மாதிரி, நேராக, மெள்ள மெள்ளக் கீழே வந்தான். அவன் மூச்சு நின்றிருந்தது. அவள் மூச்சும்தான். கடைசியில் பிட்டம் தரையைத் தொட்டபோது, விட்ட மூச்சில் அடுப்புச் சாம்பல் பறந்தது.

எதிரே அவளும் குந்தினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரே உயரத்தில் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவளுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

"குந்திட்ட. சரி. எப்படி ஏந்திருப்ப?"

கங்காதரன் யோசித்தான். வெளியே பூபதி இல்லை, ஏரிக்குப் போயிருந்தான். நைனாவால் தூக்க முடியாது.

"அத அப்புறம் பாத்துக்கலாம்மே" என்று தட்டை முன்னால் இழுத்துக்கொண்டான். "ஆறிடப் போவுது, ஊத்து."